எண்பத்தெட்டுக்குக் கையெழுத்து மறுத்த அக்காவுக்கு

செல்களின் செருக்கையும் சோர்வையும் சேர்த்தறிந்த செம்மலே! குழிக்குள் குடியிருக்கும் கோடி உயிர்களைக் குனிந்து நோக்கியும் எவருக்கும் குனியாத குணக்குன்றே! முறுவலை மிச்சம்பிடித்து, முடிவுகளை மட்டும் தாராளமாகத் தள்ளுபடி செய்த மூன்றாம் மாடியின் முதல்வியே!

இரத்த வங்கியில் இருபது ஆண்டுகளும், இந்தச் செல் சிகிச்சை மையத்தின் வீரியப் பரிசோதனைப் பிரிவில் பதினோர் ஆண்டுகளும் அயராது உழைத்து, இன்று மாலை அடையாள அட்டையைத் திருப்பித்தரும் தங்களுக்கு, தங்களிடம் திட்டு வாங்கியோர், வாங்கவிருந்தோர், வாங்கியும் திருந்தாதோர் ஆகிய நாங்கள் அனைவரும் ஒன்றுகூடி வாசித்தளிக்கும் மடல் இது.

‘தாங்கள்’, ‘தாங்கள்’ என்றே போனால் மடல் கண்ணாடிச் சட்டத்துக்குள் அழகாக உட்கார்ந்துவிடும். உண்மை வெளியே நிற்கும். தங்களைப் பற்றி நாங்கள் இதுவரை பேசியதெல்லாம் தங்கள் முதுகுக்குப் பின்னால்தான். பழகிய வாய் பழகியபடியே பேசட்டும். சற்று நேரம் தாங்கள் இந்த அறையில் இல்லையென்று வைத்துக்கொள்கிறோம். தாங்களும் காதில் விழாதவர்போல் இருந்துவிடுங்கள்.

அக்கா இங்கே வந்த புதிதில் கதவுக்கு மேலே ‘வீரியப் பரிசோதனைப் பிரிவு’ என்று பலகை மாட்டினார்கள். ஒரே வாரத்தில், தொப்பியை நெற்றிவரை இறக்கிய ஆண்கள் நாலைந்து பேர் ஒருவர்பின் ஒருவராகப் படியேறி வந்து, டாக்டர் இருக்கிறாரா என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்கள். அக்கா முகம் மாறாமல், இங்கே அளப்பது செல்லின் வீரியத்தையே தவிர, செல்லைத் தூக்கிக்கொண்டு வருபவரின் வீரியத்தை அல்ல என்று விளக்கி, எந்தக் கட்டடத்துக்குப் போகவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். பலகையை மாற்றிவிடலாம் என்றபோது மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சரியான சொல்லைப் பார்த்துத் தவறான ஆள் வந்தால் அது சொல்லின் குற்றமில்லையாம்.

அந்தச் செல்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். விழாவுக்கு வந்திருக்கும் வீட்டார் எங்களைத் தொலைபேசிக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. எலும்பு மஜ்ஜைக்குள் ஓரமாக இருந்து மற்றவற்றைத் தாங்கிப் பிடிப்பவை ஸ்ட்ரோமல் செல்கள். உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளணுக்கள் ஆள் தெரியாமல் வீட்டையே அடித்து நொறுக்கும்போது, இடையில் புகுந்து அவற்றை அடக்கும் குணம் இவற்றுக்கு உண்டு. தெருச்சண்டையில் ஒருவர் வந்து ‘போதும் விடுங்கப்பா’ என்பாரே, அதுபோல. ஆனால் சிலர் சொன்னால் சண்டை நிற்கும். சிலர் சொன்னால் அவருக்கும் சேர்த்து விழும். கொடையாளருக்குக் கொடையாளர் இச்செல்களின் குணம் மாறும். உறையவைத்து உருக்கினால் சோர்ந்தும் போகும். ஆகவே நோயாளிக்கு ஏற்றுமுன், தூண்டிவிட்ட வெள்ளணுக்களோடு இவற்றைச் சோதனைத் தட்டின் ஒரே குழியில் விட்டு, வெள்ளணுக்கள் பெருகுவதை எவ்வளவு அடக்கின என்று நான்காம் நாள் எண்ணிப் பார்க்க வேண்டும். பாதியாவது அடக்கினால்தான் அக்கா கையெழுத்திடுவார்.

யார் எந்த எண்ணைக் கொண்டுபோய் நீட்டினாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: எதோட ஒப்பிட்டு? இன்றைக்கு வெயில் அதிகம் என்றாலும் எதோட. கேன்டீன் டீ பரவாயில்லை என்றாலும் எதோட. ‘எதோட அக்கா’ என்று நாங்கள் வைத்த பெயர் அவருக்குத் தெரியாது என்றே நம்பியிருந்தோம். சென்ற வாரம் ஓய்வுப் படிவத்தில் ‘பிற பெயர்கள்’ என்ற கட்டத்தில் அவரே அதை எழுதி வைத்திருந்தார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நடந்ததற்கு வருவோம். பக்கத்துக் கட்டட வார்டில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் கிடந்தார். இரத்தப் புற்றுக்காக அவருடைய தங்கையின் மஜ்ஜையை ஏற்றியிருந்தார்கள். புற்று போயிற்று. ஆனால் ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையாக, தங்கையின் மஜ்ஜையில் பிறந்த வெள்ளணுக்கள் அண்ணனின் உடம்பை அந்நியம் என்று எண்ணித் தாக்கின. தோல் உரிந்தது, குடலில் எதுவும் தங்கவில்லை, மருந்துகளும் கைவிட்டன. எங்கள் செல்களைக் கொடுத்துப் பார்ப்போம், கேட்காவிட்டால் இருப்பதிலேயே கடுமையான மருந்துதான், அதை அந்த உடம்பு தாங்குமா என்பது சந்தேகம் என்றார் வார்டு டாக்டர். தையல்காரியான தங்கை, அண்ணன் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல், எங்கள் மாடி லிஃப்டுக்கு எதிரே பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

ஏழாம் எண் கொடையாளரின் செல்களைச் சோதித்தோம். எண்பத்தெட்டு விழுக்காடு அடக்கம். அதுவரை எழுபத்தைந்தைக்கூடக் கண்டதில்லை. இயக்குநரே பிஸ்கட் பொட்டலத்தோடு மாடியேறி வந்தார். டாக்டர் மூன்று தடவை தொலைபேசினார். பாக்கி அக்காவின் கையெழுத்து ஒன்றுதான்.

அக்கா பேனாவைத் திறந்தார், மூடினார். எதோட என்றார்.

விழுக்காடு என்பது கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர் மாதிரி. இருப்பதிலேயே நல்ல உடையில்தான் வந்து நிற்கும். வீட்டில் எந்தக் கோலத்தில் இருக்கிறது என்று பார்ப்பதில் அக்காவுக்கு அலாதி ஆர்வம். கழித்தல் வகுத்தல் செய்யாத எண்ணிக்கையைக் கொண்டுவரச் சொன்னார். ஸ்ட்ரோமல் செல் கலக்காத குழிகளில் வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகியிருக்க வேண்டும். இரண்டு மடங்குகூடத் தாண்டவில்லை. கொஞ்சம் பெருகினாலே போதும் என்பது அன்றைய விதி. ஆகவே நாங்கள் கவனிக்கவில்லை. சண்டையே போடாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவனைச் சமாதானப்படுத்திவிட்டோம் என்று பதக்கம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த வெள்ளணுக்களைத் தந்தவர் எங்கள் பண்டகக் காப்பாளர். தூசி நிறைந்த அறையில் அவர் போடும் காலைத் தும்மலைக் கேட்டுத்தான் மாடியே டீக்குப் புறப்படும். அந்த வாரம் தும்மல் இல்லை. நிம்மதி என்றிருந்தோமே தவிர, ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்கா நேரே பண்டக அறைக்குப் போனார்.

“எத்தனை நாளா தும்மல?”

“பத்து நாள் இருக்கும்க்கா. மச்சான் ஒரு மாத்திரை குடுத்தார். சொன்னா ரத்தம் எடுக்க மாட்டீங்களேன்னுதான் சொல்லல.”

மச்சான் கொடுத்தது ஸ்டீராய்டு. வெள்ளணுக்களுக்குத் தாலாட்டுப் பாடுவதே அதன் தொழில். வருஷக்கணக்காகத் தன் இரத்தத்தால்தான் மையமே ஓடுகிறது என்ற பெருமிதம் அவருக்கு. அதை இழக்க மனமில்லை. மருந்து ஏதும் உட்கொள்கிறாரா என்ற கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதியவர்கள் நாங்கள், போன மாதப் படிவத்தைப் பார்த்து. இந்த மடலைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப் போகிறார்கள் என்பது தெரிந்தேதான் எழுதுகிறோம்.

இயக்குநர் பொறுமையிழந்தார். “ஏழாம் நம்பர் செல்லுல தொண்ணூத்தாறு சதவீதம் உயிரோட இருக்கு. இன்னும் என்னம்மா வேணும்?”

“உயிரோட இருக்கறது வேற, வேலை செய்யறது வேற சார். நம்ம ஆபீஸைப் பார்த்தாலே தெரியுமே.”

வேறொரு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம். அன்று யாரும் சிரிக்கவில்லை. மறுபடி சோதிக்க நான்கு நாள். ஒரு வாரம் இழுத்துப் பிடிக்கலாம், உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏழாம் எண் உண்மையிலேயே நல்ல செல்லாக இருந்து, இந்த நான்கு நாளில் ஓட்டுநர் போய்விட்டால்? அந்தக் கேள்வி அக்காவின் நெஞ்சில் கல்லாகக் கிடந்ததை நாங்கள் பார்த்தோம். மறுப்பை வார்டுக்கு எழுதி அனுப்பியிருக்கலாம். அவரோ பெஞ்சுக்குப் போய்த் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் வாயாலேயே சொன்னார். நாங்கள் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் குழாயடியில் நின்றோம்.

“என் ரத்தம்தானே மேடம் எங்க அண்ணனைத் தின்னுது? இதுல நீங்க வேற நாலு நாள் நிக்கச் சொல்றீங்க.”

“உங்க ரத்தம்தாம்மா அவரோட புத்துநோயை விரட்டினதும். எங்க நிறுத்தணும்னு அதுக்குத் தெரியல. நிறுத்தச் சொல்லத் தெரிஞ்ச ஆளைத்தான் நாம உள்ள அனுப்பணும். இப்ப கையில இருக்கறது அந்த ஆளான்னு எனக்குத் தெரியாது. தெரியாம அனுப்ப மாட்டேன்.”

தங்கை சட்டைக்கையை முழங்கைக்கு மேலே ஏற்றினார்.

“அப்ப என்னோடதை எடுத்து அதுல விட்டுப் பாருங்க. இதைத்தானே அடக்கணும்?”

விதிப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லாத வழி அது. அளவெடுத்துத் துணி வெட்டுகிறவருக்கு அது எளிதாகத் தோன்றியிருக்கிறது: யாருக்குச் சட்டையோ அவரைத்தானே அளக்க வேண்டும். எங்களுக்குத் தோன்றவில்லை. அக்காவுக்கும் தோன்றவில்லை, அதை அவரே எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார். அன்றே ஒப்புதல் எழுதி வாங்கி மூவரிடம் இரத்தம் எடுத்தோம்: லிஃப்ட் இயக்குபவர், கணக்குப் பிரிவு அம்மாள், தங்கை. ஏழாம் எண்ணோடு, அதுவரை ஐம்பத்தெட்டு வாங்கிச் சுமார் என்று ஒதுக்கப்பட்டிருந்த நான்காம் எண்ணையும் சேர்த்து வைத்தார் அக்கா.

நான்காம் நாள், தங்கையின் வெள்ளணுக்கள் மூவரிலும் முரட்டுத்தனமாகப் பெருகியிருந்தன. அவற்றின் எதிரே ஏழாம் எண் அடக்கியது பத்தொன்பது விழுக்காடு. மற்ற இருவரிடமும் முப்பதையொட்டி நின்றுவிட்டது. சுமார் என்று ஒதுக்கிய நான்காம் எண்ணோ மூவரையும் அறுபதுக்குமேல் அடக்கியது, தங்கையுடையதை அறுபத்தொன்று. அக்கா மூலக் கணக்கை இரண்டு தடவை சரிபார்த்து, கையெழுத்திட்டு, செல் பையோடு வார்டு வாசல்வரை தானே நடந்தார். அவருடன் தங்கையும் நடந்தார். அண்ணன் கட்டிலுக்கு அவர் போனது பல நாளுக்குப் பிறகு அன்றுதான்.

நான்கு வாரத்தில் எட்டு முறை ஏற்றினார்கள். இரண்டாம் வாரம் வயிறு அடங்கியது. பிறகு தோல் ஆறியது. மூன்றாம் மாதம் ஓட்டுநர் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். மையத்தின் செய்திமடலில் ‘எங்கள் செல்களின் வெற்றிக்கு நிரூபணம்’ என்று எழுதியிருந்தோம். “ஒருத்தர் பொழைச்சது சந்தோஷம். சந்தோஷம்னே எழுதுங்க” என்று அக்கா அந்த வரியை அடித்துவிட்டார்.

அன்றுமுதல் எந்தச் செல் தொகுதியைச் சோதிக்கவும் மூன்று பேர் இரத்தம். படிவத்தின் தலையில் மூல எண்ணிக்கை. மாத்திரை பற்றிய கேள்வி வாயால் கேட்கப்படும், முகத்தைப் பார்த்து. அந்தப் படிவத்தை இன்று ஏழு மையங்கள் கேட்டு வாங்கிப் பயன்படுத்துகின்றன. பண்டகக் காப்பாளர் தலைவலித் தைலம் தடவினால்கூட எழுதிக் கொடுக்கிறார்.

மதிப்புக்குரிய அக்கா! இனி தாங்கள் அறைக்குள் வரலாம். தங்கள் வெள்ளணுக்கள் வரும் பகையை வாசலிலேயே வளைத்து, வேலை முடிந்ததும் வம்பின்றி உறங்கட்டும்! மஜ்ஜை மங்காமல், மூட்டு முனகாமல், கண் கலங்காமல், பேரப்பிள்ளைகளின் மதிப்பெண்களையேனும் மறுபரிசோதனைக்கு அனுப்பாமல், நெடுங்காலம் நிறைவோடு வாழ்க!

இன்று காலைகூட ஒரு தொகுதியை நிறுத்திவைத்துவிட்டுத்தான் இந்த மேடைக்கு வந்தீர்கள். அதன் முடிவு நான்காம் நாள் வரும்போது தாங்கள் வீட்டில் இருப்பீர்கள். தேறினால் அனுப்புவோம். தேறாவிட்டால் இயக்குநர் எதிரே நின்று மறுப்போம். எங்கள் குரல் நடுங்கலாம், கையெழுத்து நடுங்காது.

பெருமையோடு,
வீரியப் பரிசோதனைப் பிரிவின் ஊழியர்கள், பண்டகக் காப்பாளர் உட்பட