பழ மரமும் அப்பா போட்டோவும்

குடிங்க அக்கா, வெறும் சீரகத் தண்ணி தான். நானே கொதிக்க வெச்சேன், சொம்ப நானே தேய்ச்சுக் கழுவினேன், அதனால தைரியமா குடிங்க. வயிறு இன்னும் பெரட்டுதா? பெரட்டும், பெரட்டாம என்ன பண்ணும். நீங்க அந்தத் திராட்சைய எடுத்தப்பவே நான் கண்ணக் காட்டினேன், வேணாம்னு. நீங்க என்னமோ நான் உபசாரம் பண்றேன்னு நெனச்சு, சிரிச்சுக்கிட்டே ஸ்ட்ராபெர்ரியும் ஒண்ணு எடுத்து வாயில போட்டுக்கிட்டீங்க.

இந்த பெஞ்ச்லயே உக்காருவோம், கொஞ்சம் காத்தாவது வருது. மேல அவங்க பேசட்டும். உங்க வீட்டுக்காரரும் உங்க பையன் ரயானும் எங்க அண்ணன்கிட்ட மாட்டிக்கிட்டாங்க. ஓஸ்வால்ட் அண்ணன் கல்யாண மண்டபத்துல பேச்ச ஆரம்பிச்சா பேண்டு, கேக்கு, கார் அலங்காரம்னு போய்க்கிட்டே இருப்பான். ஆமாக்கா, நான் அவன் கூடப் பொறந்தவ தான். பியாட்ரிஸ். நீங்க பொண்ணு கேட்டு வந்த ஆஞ்சலாவுக்கு அத்தை. அண்ணி சொல்லல இல்ல? தட்டும் கையுமா கிச்சன்லருந்து வந்தேன், வேலைக்கு வந்தவன்னு நெனச்சிருப்பீங்க. ஐயோ, அதுக்கு எதுக்கு சாரி? இந்தப் பொடவையப் பாருங்க, மாதுளம்பழச் சாறு, கிவி, இன்னும் என்னென்னமோ. நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்.

இல்ல, இங்க அல்சூர்ல இல்ல. பொம்மனஹள்ளி. கார்மெண்ட்ஸ்ல செக்கிங்ல இருக்கேன். தச்ச சட்டை வரும், கறை, ஓட்டை, நூல் பிசிறு இருக்கான்னு பாத்து அனுப்பணும். அதையே பாத்துப் பாத்து எனக்கு எங்க போனாலும் அழுக்கு தான் முதல்ல கண்ணுல படும். ஓட்டல்ல டம்ளர எடுத்தா உதட்டுக் கறை. பஸ்ல கம்பியப் புடிச்சா பிசுக்கு. எங்கூட வேலை செய்யற பொண்ணுங்க பியாட்ரிஸக்காவோட டீ குடிக்கப் போறதே பேஜார்னு சொல்லும். அப்பேர்ப்பட்டவள கூப்பிட்டு இன்னிக்கு என்ன வேலை குடுத்தாங்கன்னு கேளுங்க.

கிறிஸ்மஸ்க்கு என்னைக் கூப்பிடல. அதுக்கு நான் ஒண்ணும் அழல. ஆனா நேத்து அண்ணி போன் பண்றா, பியா, நாளைக்கு ஆஞ்சலாவ பேசி முடிக்க வராங்க, உனக்குத் தான் கைவேலை நல்லா வரும், சும்மா ஒரு பழத் தட்டு பண்ணிக் குடுத்துட்டுப் போயேன்னு. சரி, அண்ணன் பொண்ணு, நான் தூக்கி வளத்த பொண்ணு. பூசை முடிஞ்சதும் பஸ் ஏறி வந்துட்டேன். வந்தா தட்டு இல்ல, மரமாம். கிறிஸ்மஸ் மரம் மாதிரி பழத்தாலயே கட்டணுமாம். கேக்கு, ரோஸ் குக்கீஸ் எல்லாம் எல்லா வீட்லயும் தான் குடுக்கறாங்க, நம்ம வீட்டுக்கு வந்தா அவங்க வாயப் பொளக்கணும்னு சொல்லி போன்ல வீடியோ காட்டறா லவினா அண்ணி.

சரி, நடுவுல நிக்கறதுக்கு கேரட்டும் ஆப்பிளும் குடுங்க, அதுல பல்குச்சி சொருகி பழத்த மாட்டலாம்னேன். அது கோணலா நிக்குமாம். பூக்கடைல பொக்கே சொருகுவாங்களே, பச்சை ஸ்பாஞ்சு, தொட்டா மாவு மாதிரி உதிருமே, அத கூம்பா வெட்டி வெச்சிருக்கா. இத சாப்பிடற பொருளுக்குள்ள வெப்பாங்களா அண்ணி, மேல பிளாஸ்டிக் பேப்பராவது சுத்துவோம்னேன். எல்லாத்துக்கும் மூஞ்சிய சுளிக்காத பியா, யாருக்குத் தெரியப் போகுதுன்னா. பச்சைத் தூள் பழத்துல எல்லாம் ஒட்டுது. தொடைச்சேன், தொடைச்சேன், போகவே இல்ல.

பழமாவது நல்லதா இருந்துச்சான்னா, கிறிஸ்மஸ்க்கு முன்னாடி வாங்கினது. பிரிட்ஜ்ல மசாலா போட்டு ஊற வெச்ச பன்னிக்கறிக்குக் கீழ இருந்திருக்கு. டப்பாவத் தெறந்தா பூண்டு, வினிகர் வாசனை. ஸ்ட்ராபெர்ரில பாதி பூஞ்சை புடிச்சு, எலி மாதிரி முடி மொளச்சு நிக்குது. தூக்கிப் போடப் போனேன், அண்ணி கையப் புடிச்சுட்டா. என்ன விலை தெரியுமா, அந்தப் பக்கத்த மட்டும் சீவிட்டு உள்பக்கமாத் திருப்பி சொருகு, வெளிய நல்லாத் தான தெரியும்னு சொல்றா. கலீஜு! நான் சீவவும் இல்ல, சொருகவும் இல்லக்கா, சத்தியமா. அவளே தான் செஞ்சா.

அண்ணன் ஒருத்தன் உதவிக்கு வந்தான். காலைல தின்ன கறி பல்லு இடுக்குல மாட்டியிருக்கு. பல்குச்சி டப்பாலருந்து ஒண்ண எடுத்தான், நோண்டினான், பாத்தான், திரும்ப அந்த டப்பாலயே போட்டுட்டான். போட்டுட்டு, ஒரு கொத்து எடுத்து திராட்சைய வரிசையா சொருக ஆரம்பிச்சுட்டான். டேய் என்னடா பண்றன்னு கத்தினேன். வந்தவங்க குச்சியவா சாப்பிடப் போறாங்கன்னு சிரிக்கறான்.

இருங்க, இருங்க. துப்பணும்னா அந்தச் செடிகிட்ட துப்புங்க. நான் யாரையும் இந்தப் பக்கம் விட மாட்டேன். இன்னும் கொஞ்சம் தண்ணி குடிங்க.

அப்புறம் அன்னாசிப்பழத்துல நட்சத்திரம் வெட்டி உச்சில வெச்சேன். அது மட்டும் எனக்கே புடிச்சிருந்துச்சு. அண்ணி மரத்தத் திருப்பறேன்னு திருப்பி, அது கீழ விழுந்து சோபாவுக்கு அடில ஓடிடுச்சு. எடுத்தா அதுல தலைமுடி, பிஸ்கட்டுத் தூள், என்னமோ கறுப்பா ஒண்ணு. ஊதி வெச்சுட்டா. வெறும் ஊதல்! கழுவக் கூட இல்ல. கடைசில பளபளன்னு இருக்கணும்னு பிரஷ்ஷால எண்ணெய் தடவினா பாருங்க. சமையல் எண்ணெய்னாலும் ஒழியட்டும். பாத்ரூம்லருந்து தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் பாட்டில எடுத்துட்டு வந்தா. ஹான், அதே தான், என்னமோ மல்லிகைப்பூ வாசனை அடிக்குதேன்னு நீங்க கேட்டீங்களே. அண்ணி, அது பழத்தோட வாசனைன்னு சொன்னா. நீங்களும் நம்பினீங்க.

ஆஞ்சலாவா? அவளுக்கு இதுல ஒண்ணும் சம்பந்தமில்ல. அவ பாட்டுக்கு மூலைல நின்னு ஆரஞ்சு உரிச்சுக்கிட்டிருந்தா. காலைலருந்து அந்தப் புள்ளைக்கு அதே வேலை. தோல உரிச்சு, நார எடுத்து, சுளை மேல இருக்கற சவ்வையும் எடுத்து எடுத்து, சுளைங்கல்லாம் தோலுரிச்ச கோழி மாதிரி ஆயிடுச்சு. கல்யாணப் பொண்ணுக்கு வெக்கம்னு நான் நெனச்சேன்.

அப்புறம் தான் அந்த மரத்தத் தூக்கிட்டு ஹாலுக்கு வந்தேன். எங்க வெக்கட்டும்னேன். அங்க, போட்டோவுக்குக் கீழன்னா அண்ணி. எந்த போட்டோன்னு நிமிந்து பாத்தேன்.

எங்க அப்பா போட்டோ. நீங்க பாத்தீங்களே, கோட்டு போட்டு, ஓரமா சிரிச்சுக்கிட்டு. சுத்தி சீரியல் லைட்டு, பிளாஸ்டிக் ரோஜா மாலை, கீழ கரண்டுல எரியற மெழுகுவத்தி. அது அண்ணன் கல்யாணத்துல எடுத்த படம்க்கா. பக்கத்துல நான் நின்னேன். என்னை வெட்டிட்டாங்க. நல்லாப் பாத்தா அப்பாவோட வலது பக்கம் மஞ்சள் ஜாக்கெட்டுல ஒரு தோள்பட்டை மட்டும் தெரியும், அது நான் தான். வெட்டினத விடுங்க. அந்த மாலையப் பாத்தப்ப தான் எனக்கு என்னமோ பண்ணிடுச்சு. பூஞ்சைக்குக் கூட அப்படி பண்ணல. தட்டு சாயுது, ஆஞ்சலா ஓடி வந்து புடிச்சா. என்ன அண்ணி இதுன்னேன். இப்ப ஒண்ணும் பேசாத, அவங்க பார்க்கிங்ல வந்துட்டாங்கன்னு என் வாயப் பொத்தாத கொறையா கிச்சனுக்குத் தள்ளிட்டா.

நீங்க உள்ள வந்தீங்க. கேக்கையும் பாக்கல, மரத்தையும் பாக்கல, நேரா அந்த போட்டோகிட்ட போய் நின்னு சிலுவை போட்டீங்க. நான் கதவு சந்துலருந்து பாத்துக்கிட்டிருந்தேன். அதோட விட்டீங்களா? பெரியவங்களுக்கு ஒரு ஜெபம் சொல்லிட்டு நல்ல காரியத்த பேசுவோம்னு நீங்களே, இறந்தவங்களுக்குச் சொல்ற நித்திய இளைப்பாற்றி ஜெபத்த ஆரம்பிச்சீங்க. எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க. ஆமென்னு சொன்னதுல யாரு குரல் பெருசா கேட்டுச்சு? எங்க அண்ணன் குரல் தான். கண்ண வேற தொடைச்சுக்கிட்டான். அப்பா இருந்திருந்தா எவ்ளோ குஷியா இருந்திருப்பாருன்னான். எனக்கு மேலெல்லாம் பூரான் ஊர்ற மாதிரி இருந்துச்சுக்கா. ஸிங்க்ல போய் ரெண்டு கையையும் சோப்பு போட்டு போட்டுக் கழுவறேன், என்னத்தக் கழுவறேன்னு எனக்கே தெரியல.

எப்ப தவறினாருன்னா கேக்கறீங்க?

தவறலக்கா. சந்தாபுராவுல இருக்காரு. போன ஞாயித்துக்கெழமை போய் நகம் வெட்டி விட்டுட்டு வந்தேன்.

ஆமாக்கா, அதே அப்பா தான். எங்களுக்கு எத்தன அப்பா? இடுப்பு எலும்பு ஒடஞ்சு நடக்க முடியாமப் போச்சு. கொஞ்ச நாள் அங்க ஒரு முதியோர் இல்லத்துல இருக்கட்டும்னு அண்ணன் கொண்டு போய் விட்டான். விட்டவன் விட்டவன் தான். கோயில்ல பெரியவங்கள மதிக்கணும்னு மைக் புடிச்சுப் பேசறவன் அவன், எங்க கோயில் பங்குல எல்லாருக்கும் தெரிஞ்ச ஆளு. பெத்தவர இல்லத்துல போட்டிருக்கேன்னு சம்பந்தம் பேச வந்தவங்ககிட்ட எப்படிச் சொல்லுவான்? புரோக்கர் முதல் தடவை கேட்டப்ப அண்ணி வாய்ல வந்துடுச்சாம், மாமனார் இறந்துட்டாருன்னு. அப்புறம் போட்டோ, மாலை, லைட்டு. போன வாரம் தான் மாட்டினாங்களாம். ஆஞ்சலா சொன்னா.

நீங்க கேக்கறது நியாயம். நான் ஏன் வெச்சுக்கலன்னு நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். மூணாவது மாடி, லிப்ட் இல்ல, ஒத்த ரூமு. பாத்ரூம் வெளிய. நான் வேலைக்குப் போனா அவருக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்ல. அதுவும் பெருமையாச் சொல்ற சங்கதி இல்லக்கா. ஆனா நான் அவர சாகடிக்கல.

ஆஞ்சலாவுக்குத் தெரியுமாவா? அவ தான் என்னை அனுப்பினதே. நீங்க வயித்தப் புடிச்சுக்கிட்டு கீழ எறங்கினதும் கிச்சனுக்கு வந்தா. தாத்தாவுக்குக் கேட்ட ஜெபத்துக்கு என்னாலயும் ஆமென் சொல்ல வேண்டியதாப் போச்சு அத்தை, நீங்க சொல்றீங்களா, நான் போய் சொல்லட்டுமான்னா. நீ சொன்னா உங்கப்பன் கைய ஓங்குவான், நான் போறேன்னேன். கல்யாணம் நின்னுடும் ஆஞ்சலா, யோசிச்சுக்கோன்னேன். நின்னா நிக்கட்டும் அத்தை, ரயான் நல்லவன், அவன்கிட்ட இத வெச்சுக்கிட்டு எப்படிக் குடும்பம் நடத்தறதுன்னு கேட்டா. சொல்லும்போது அழக் கூட இல்ல. ரயானுக்கு இன்னும் தெரியாது. அவனுக்கு உங்க வாயால தெரியட்டும்.

இப்ப மேல போங்க, வேணாம்னு சொல்லுங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன். ஆனா அந்தப் பொண்ண அவங்கம்மா கூட சேத்துடாதீங்க.

அக்கா? எதுக்குக் கைய நீட்டறீங்க?

என்ன, போனா? அவர்கிட்டயா? இப்பவேவா? இருங்க, போட்டுத் தரேன். அங்க நர்ஸ் எடுத்து அவர் கைல குடுப்பாங்க. காது கொஞ்சம் மந்தம், கத்தித் தான் பேசணும். புத்தியெல்லாம் தெளிவு, அதுல ஒரு கொறையும் இல்ல. போன வாரம் ஆஞ்சலாவுக்கு எடம் பாக்கறாங்கன்னு சொன்னதுக்குக் கூட, மாப்பிள்ளை வீட்ல எப்ப வராங்க, நான் எந்த சட்டை போட்டுக்கணும்னு கேட்டாரு. ஒங்களக் கூப்பிட மாட்டாங்கப்பான்னு சொல்ல எனக்கு நாக்கு வரல.

ரிங் போகுது. அழாதீங்கக்கா, அவரு பயந்துடுவாரு.

அப்பா? நான் தாம்ப்பா, பியாட்ரிஸ். சாப்பிட்டீங்களா? சரி, சரி. இங்க ஒருத்தங்க உங்ககிட்ட பேசணும்னு இருக்காங்க. யாரா? இருங்கப்பா, கேட்டுச் சொல்றேன்.

அக்கா, யாருன்னு சொல்லட்டும்?

அப்படியே சொல்லிடவா? நெஜமாவா?

அப்பா, கேக்குதா? ஆஞ்சலாவோட மாமியார்ப்பா.