பதில் சலாம்

கல்முனையிலிருந்து சம்மாந்துறை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். கெமராப் பையை மடியில் வைத்திருந்தவன் சொன்னான்:

“பழைய வீடியோ எல்லாத்தையும் அழிக்கப் போறன் மச்சான்.”

“ஏன்டா, ஹார்ட் டிஸ்க்ல இடமில்லையா?”

“அதில்ல. சலாம் சொல்லித்தானே வீடியோ தொடங்குவன்? இறக்காமம் குளக்கட்டுல தனியா நிண்டு எடுத்ததுல ஆரோ பதில் சொல்றாங்க.”

“காத்துச் சத்தமா இரிக்கும். போன்ல எடுத்தா அப்பிடித்தான்.”

“இந்தக் கெமராவுல, நல்ல மைக் போட்டும் எடுத்தன். இன்னும் கிட்டக் கேக்குது.”

“அப்ப சலாம் சொல்லாமத் தொடங்கு.”

“போன கிழமை அப்பிடித்தான் எடுத்தன். வீட்ட வந்து போட்டுப் பாத்தா, அது முதல்ல சலாம் சொல்லுது.”

நண்பனின் குரல் தாழ்ந்தது. “நீ என்ன செஞ்ச?”

“சலாத்துக்குப் பதில் சொல்லாம இரிக்க ஏலுமாடா?”