ஃபியோர்டில் பால் காய்ச்சினோம்

நான் திரைச்சீலையை இழுத்துக்கொண்டிருந்தேன். பால் இன்னும் பொங்கவில்லை. ராகு காலம் பிறக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நவநீதன் சார் கைக்கடிகாரத்தையும் பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மனைவி மகாலட்சுமி அக்கா பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்காலிட்டு, பாத்திரத்துக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிச்சம் பத்தல வள்ளி. அந்த ஸ்க்ரீனை முழுசாத் தள்ளும்மா. வீடியோ கறுப்பா விழுது," என்றார் சார்.

தள்ளினேன். கிழக்குப் பார்த்த கண்ணாடிச் சுவர். தில்லைநகர் மாடிகளுக்கு மேலே மலைக்கோட்டை தெரியும். காலை வெயில் மொத்தமும் உள்ளே வந்து பால் பாத்திரம் இருந்த மேசை மேல் விழுந்தது. சொன்னார், செய்தேன். நீங்கள் உங்கள் விசாரணையைத் திரைச்சீலையிலிருந்து ஆரம்பித்தது சரிதான், மேடம். நானும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சாரின் வீட்டு அலங்காரக் கடை அது. பெயர் ஃபியோர்ட். நார்வே நாட்டில் மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே வரும் இடத்துக்கு அப்படிப் பெயர். திறப்பதற்கு முன்பே ஆட்டோக்காரர்கள் அதை ஃபோர்ட் ஆக்கிவிட்டார்கள். "எந்த ஃபோர்ட்? மலைக்கோட்டைக்கு இந்தப் பக்கம் எதுக்கு வந்தீங்க?" என்று கேட்பார்கள். உள்ளே எல்லாம் வெளிர் மர நாற்காலிகள், வெள்ளை விளக்குகள், சாம்பல் நிறக் கோப்பைகள். திருச்சி வெயிலில் கால் புதைக்க ஆட்டுத்தோல் விரிப்புகூட உண்டு. சுவர்ப் படங்கள் ஒரு வரிசை. எல்லாமே தனியாகத் தொழில் செய்யும் டிசைனர்களின் வேலை என்று வாசலில் எழுதியிருந்தது. அதில் பாதி என்னுடையது. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு தகர ஷெட்டில் உட்கார்ந்து செய்தவை.

ஒரு படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெள்ளைத் தாளில் ஒரு கோடு மேலிருந்து வரும். பாதியில் இரண்டாகப் பிரியும். அவ்வளவுதான். அது முக்கொம்பு. காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடம். அந்தப் பிரிவில் கோட்டின் தடிமன் சரியாக வருவதற்கு ஒரு மழைக்காலம் முழுக்க வரைந்து வரைந்து கிழித்தேன். கடைசியில் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார்கள். கீழே சின்னதாக ஓர் அட்டை. 'லீனா ஹோல்ம், ஸ்டாக்ஹோம். வடக்கு நதி ஒன்றின் நினைவு.'

லீனா ஹோல்ம் என்று யாரும் கிடையாது. சார் உண்டாக்கிய பெயர். அட்டையை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"கோவிச்சுக்காதம்மா," என்றார். "வள்ளிக்கண்ணுன்னு போட்டா ரேஷன் கார்டு மாதிரி இருக்கு. இவ்வளவு அழகா இருக்கிற பொருளுக்கு அந்தப் பேரு ஒட்டல. வாங்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"முக்கொம்பு, சார் அது."

"நமக்குத் தெரியும். அவங்களுக்கு எதுக்கு? அங்க பிக்னிக் போயி புளியோதரை தின்னவங்கதானே எல்லாரும். அதை யாரு ஹால்ல மாட்டுவா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். பணத்தில் அவர் குறை வைக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். பல நாற்காலிகளிலும் லீனா ஹோல்ம். கண்ணாடிச் சட்டத்தில் லீனா ஹோல்ம். என் விரல் நசுங்கிச் செய்த ஸ்டூலிலும் அவள்தான். ஒருநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போனில் கடையின் விளம்பரத்தைப் பார்க்கிறேன், அவளுக்கு ஒரு முகமும் வைத்துவிட்டார்கள். பொன்னிற முடி. கையில் என் கோப்பை. வந்த பஸ்ஸில் நான் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கவில்லை. கோபம் நியாயமானது என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

மகாலட்சுமி அக்காவிடம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் அந்தக் கடையில் அவர் ஒருவர்தான்.

இனி நெருப்புக் கிண்ணம். அதுவும் என் டிசைன். மேசை நடுவில் வைக்கிற சிமெண்டுக் கிண்ணம். உள்ளே ஒரு ஸ்டீல் குப்பி. அதில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தால் புகையில்லாமல் எரியும். பனி நாடுகளில் விளக்கை அணைத்துவிட்டு இப்படியொன்றைச் சுற்றி உட்காருவார்களாம். கடைத் திறப்புக்குப் பால் காய்ச்ச வேண்டும் என்று பேச்சு வந்தபோது நான்தான் யோசனை சொன்னேன். "கேஸ் அடுப்பை நடுவுல வச்சா கடையே கெட்டுப்போகும், சார். நம்ம கிண்ணத்திலேயே காய்ச்சலாம். மேல ஒரு ஸ்டாண்டு நான் பண்ணித் தர்றேன்."

அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "பார்த்தியா, இதுக்குத்தான் வள்ளி வேணும்கிறது," என்றார்.

அந்தக் குப்பியின் நெருப்பு சமையலுக்கானது அல்ல. அழகுக்கானது. பால் சூடாகும், ஏடு கட்டும், பொங்குவதற்குள் ஸ்பிரிட் தீர்ந்துகொண்டே வரும். திரும்ப ஊற்றத்தான் வேண்டியிருக்கும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் மூடியால் மூட வேண்டும். குப்பி ஆறும்வரை தொடக்கூடாது. பிறகுதான் ஸ்பிரிட் கேனைத் திறக்க வேண்டும். ஏனென்றால் ஸ்பிரிட் நெருப்பு நல்ல வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்த மாதிரியே இருக்கும். என் ஷெட்டுக்கு வந்து வாங்குகிறவர்களுக்கு நானே நின்று இதைச் செய்து காட்டுவேன். காட்டாமல் ஒரு கிண்ணமும் விற்றதில்லை.

மூடியை எப்போது எடுத்தாய் என்று காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். வருகிறேன்.

அன்று ஸ்ரீரங்கத்திலிருந்து அவர்களுடைய சொந்தக்காரர்கள் நிறைய வந்திருந்தார்கள். "இது என்ன மகா, அடுப்பா பூத்தொட்டியா?" என்று ஓர் அம்மாள் கேட்டார்.

"ரெண்டும்தான் சித்தி. பால் பொங்கலைன்னா செடி வச்சுக்கலாம்," என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

சுவரின் ஒரு பக்கத்தை வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். "பால் பொங்கினதும் அதைத் திறக்கிறோம்," என்று அக்கா என்னிடம் தனியாகச் சொன்னார். "நீ பக்கத்துலயே நில்லு வள்ளிக்கண்ணு. எங்கேயும் போயிடாதே."

நான் போகவில்லை.

பாலில் ஏடு கட்டியது. ஓரத்தில் சின்னதாகக் குமிழ் வந்தது. அப்படியே நின்றது. சொந்தக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். திறப்பு விழாவில் பால் பொங்காமல் நின்றால் அந்த இடத்தில் என்ன மாதிரி அமைதி வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

"அணைஞ்சு போச்சா? நல்ல நாளும் அதுவுமா," என்று சார் பல்லைக் கடித்தார். "ஸ்பிரிட்டை ஊத்து மகா. ராகு காலம் வந்துடப் போகுது."

"மூடி எங்க வள்ளிக்கண்ணு? மூடி போட்டுட்டுத்தானே ஊத்தணும்னு சொல்லுவே?"

பாருங்கள், அவர் சரியாக ஞாபகம் வைத்திருந்தார்.

"காணோம்க்கா. பெட்டியிலேயே வரல போல."

"அப்போ அணைஞ்சிடுச்சான்னு நீயே பார்த்துச் சொல்லும்மா."

நான் குனிந்தேன். வெயில் நேராகக் கிண்ணத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது. ஒன்றும் தெரியவில்லை. இதுவரை நான் சொல்வது எல்லாம் வீடியோவிலும் இருக்கும். வீடியோவில் இல்லாதது ஒன்று. குப்பிக்கு மேலே என் கையை வைத்தேன். புறங்கை முடி பொசுங்கியது. நன்றாகச் சுட்டது.

"அணைஞ்சிடுச்சுக்கா," என்றேன். "ஊத்துங்க."

அதன் பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டுத்தோல் விரிப்பைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடியது நான்தான். அதையும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். பால் கவிழ்ந்தது. பொங்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் சார் வார்டு வார்டாக ஓடினார். உள்ளே யாரோ கட்டில் நம்பரைக் கேட்டார்கள். "நம்பர் தெரியாதுங்க, பேரு மகாலட்சுமி, பேரைச் சொல்றேன் பாருங்க, மகாலட்சுமி," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பேர் என்றால் என்ன என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அக்கா நேற்று காலை போய்விட்டார் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். வருத்தமாக இருக்கிறது.

சாரிடம் கோபம் என்றால் அவரை அல்லவா செய்திருக்க வேண்டும், அந்த அம்மா என்ன செய்தாள் என்று கேட்கிறீர்கள். நான் யாரிடமும் கேனைக் கொடுக்கவில்லை. யார் ஊற்றுவார் என்று முடிவு செய்ததும் நான் இல்லை. ஆனால் பால் காய்ச்சுவது வீட்டுப் பெண்தான் என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும். எங்கள் வையம்பட்டியிலும் அதுதான் வழக்கம்.

இப்போது இந்தப் போட்டோவைக் காட்டுகிறீர்கள். துணி மூடியிருந்த சுவர். தீ அந்தப் பக்கம் போகவில்லை, எழுத்தெல்லாம் அப்படியே இருக்கிறது. மகாலட்சுமி அக்கா புருஷனோடு சண்டை போட்டு, லீனா ஹோல்ம் என்று அச்சடித்த அட்டைகளையெல்லாம் குப்பையில் கொட்டச் சொல்லி, எனக்குத் தெரியாமல் எழுத வைத்தது என்கிறீர்கள். பால் பொங்கியிருந்தால் நான் பார்த்திருப்பேன், பார்த்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன் அல்லவா என்று கேட்கிறீர்கள். நான் அழுவேன் என்று தண்ணீர் பாட்டிலைக்கூடப் பக்கத்தில் நகர்த்தி வைக்கிறீர்கள்.

மேடம், ஸ்டாண்டை வைத்துப் பார்க்க வேண்டும் என்று அன்று கடையை முதலில் திறந்தது நான்தான். யாரும் வருவதற்கு முன்னால் அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்தேன். 'வள்ளிக்கண்ணு, வையம்பட்டி' என்று தமிழிலேயே எழுதியிருந்தது. பெரிய எழுத்து. பக்கத்தில் என் முக்கொம்பு. வேறு யார் பெயரும் அங்கே இல்லை. நின்று இரண்டு தடவை படித்தேன்.

பிறகு துணியைப் பழையபடி இறக்கிவிட்டு, கிண்ணத்தின் மூடியை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.