முன் சீட்டுக்காரர்

லோபெக்: அவரு பயப்படுவாரா, லெப்டினன்ட் ஐயா?

ஹார்ட்விக்: யாரு?

லோபெக்: நாளைக்கி வர்றவரு. உங்களுக்குப் பதிலா முன் சீட்டுல உக்காரப் போறவரு.

ஹார்ட்விக்: ஃபால்க்கா? குதிரைப்படை ஆளு. பக்கத்துல குண்டு விழுந்தா, கோட்டத் தட்டிவிட்டுட்டு நடப்பாராம்.

லோபெக்: சுத்தம்.

ஹார்ட்விக்: ஏன்யா, உனக்குப் பயந்தாங்கொள்ளிதான் வேணுமா?

லோபெக்: அப்படிச் சொல்லலைங்க... ஓரளவுக்குப் பயம் இருக்கறது நல்லதுதானே. ஐயா, ஒண்ணு கேக்கலாமா? ஓட்டுறவன் முன்னாடி, வேவு பாக்கற அதிகாரி பின்னாடின்னு இந்த விமானத்த மாத்த முடியாதா?

ஹார்ட்விக்: பெர்லினுக்கு நானே எழுதிக் கேட்டாச்சு. முன் சீட்டு றெக்கைக்கு நடுவுல இருக்காம். அதுல ஆளே இல்லாட்டியும் எடை சரியா நிக்குமாம். எடை நிக்குதுய்யா, எனக்குத்தான் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. கீழ பாத்தா ஒரு றெக்கை, மேல பாத்தா இன்னொரு றெக்கை. நீ சாய்ச்சுக் காட்டினாத்தான் உண்டு. பாதி பிரான்ஸ நான் பாத்ததே இல்ல.

லோபெக்: ஆனா வரைபடத்துல எல்லாம் வரைஞ்சிருக்கீங்களே.

ஹார்ட்விக்: வரையாம? மேலிடத்துல கேக்கறாங்கல்ல. துப்பாக்கிகூடக் குடுக்காம ஒரு பென்சிலக் குடுத்து சண்டைக்கு அனுப்பினா வேற என்ன செய்யறது... சிரிக்காத. பின் சீட்டுலேருந்து உனக்கு மட்டும் என்னத்தத் தெரியுதாம்?

லோபெக்: இன்ஜின், புகைக்குழாய், அப்புறம் உங்க முதுகு.

ஹார்ட்விக்: பாவம்யா நீ.

லோபெக்: இல்லைங்க... அந்த முதுகாலதான் நாம ரெண்டு பேரும் உயிரோட இருக்கோம்.

ஹார்ட்விக்: என்ன உளர்ற?

லோபெக்: குளிர்காலத்துல சூடா எண்ணெய் தெறிச்சுதே, ஞாபகம் இருக்கா?

ஹார்ட்விக்: கண்ணுல. ஒரு வாரத்துல சரியாயிடுச்சுன்னு சொன்னியே.

லோபெக்: சொன்னேன்.

ஹார்ட்விக்: அப்ப சரியாகலையா?

லோபெக்: இடது கண்ணு போச்சுங்க. வானத்துல ஒரு கண்ணே தாராளம். எறங்கறப்பதான்... தரை ஒரு ஆள் ஒசரத்துல இருக்கா, ஒரு வீட்டு ஒசரத்துல இருக்கான்னு பிடிபட மாட்டேங்குது.

ஹார்ட்விக்: அப்ப இத்தன நாளா எப்படிய்யா எறக்குன?

லோபெக்: தப்பா எடுத்துக்கக் கூடாது.

ஹார்ட்விக்: சொல்லித் தொலை.

லோபெக்: தரை நெருங்குனா உங்க தோளு ரெண்டும் காது வரைக்கும் ஏறும். பயத்துல. ஏறுன ஒடனே பிடிய இழுப்பேன். மெத்தையில எறங்குன மாதிரி எறங்கிடும்.

ஹார்ட்விக்: என் பயத்த வெச்சா விமானம் ஓட்டுன?

லோபெக்: உங்க பயத்த கண்ண மூடிக்கிட்டு நம்பலாம் ஐயா.

ஹார்ட்விக்: டாக்டர்கிட்ட சொல்றதுக்கென்ன?

லோபெக்: சொன்னா துப்பாக்கியக் கையில குடுத்து பதுங்குகுழிக்கு அனுப்பிடுவாங்க. என் தம்பி அங்க போயி ஒரு மாசம் தாங்கல.

ஹார்ட்விக்: ம்... ஃபால்க் வெறப்பா நிமிந்து உக்காருற ஆளு.

லோபெக்: அதத்தான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். அவருக்குக் குடும்பம் இருக்கா?

ஹார்ட்விக்: ரெண்டு பொண்ணுங்க.

லோபெக்: அப்ப சரி. இப்பவே டாக்டரப் பாக்கப் போறேன்.

ஹார்ட்விக்: நில்லு லோபெக்... காப்பியாவது குடிச்சுட்டுப் போ.

லோபெக்: ஆறிப்போச்சுங்க. போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. போன வாரம் எறங்கறப்ப சக்கரம் ஒடஞ்சுதே, முயல் வளையில மாட்டிக்கிச்சுன்னு எனக்காகச் சொன்னீங்க. அங்க வளையே கெடயாது. உங்க தோளு ஏறல. அன்னிக்கு மட்டும் ஏன் பயம் வரல?

ஹார்ட்விக்: பயம் ஈஸ்டருக்கு முன்னாடியே விட்டுப்போச்சுய்யா.

லோபெக்: அப்ப அதுக்கப்புறம் ஏறுன தோளு...?

ஹார்ட்விக்: நானாத்தான் தூக்குனேன். ஒரு நாள் பயமில்லாம சும்மா உக்காந்திருந்தேன், நீ தொம்முனு கொண்டுபோய்ப் போட்ட. நீ என் தோளப் பாத்துத்தான் எறக்குறன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. போன வாரம் ஏதோ நெனப்புல தூக்க மறந்துட்டேன். உன்னக் காட்டிக் குடுக்க மனசு வரல. மறுபடி உன் முன்னாடி உக்காரவும் தைரியம் வரல. மாத்தல் நானாக் கேட்டு வாங்குனது, லோபெக்... என் எடத்துக்கு ஃபால்க்கப் போடுங்கன்னு சொன்னதும் நான்தான்.