பதின்மூன்றாவது விற்பனை

எனக்கு நாள்பட்ட முதுகுவலி உண்டு. அங்கிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும் என்பதால் சொல்கிறேன், அனுதாபம் தேடி அல்ல.

எங்கள் விற்பனை வரி அலுவலகத்தில் சாய்ந்து சுழலும் நாற்காலி ஒன்றே ஒன்றுதான். இணைய ஏலத்தில் வரி கட்டாமல் விற்கும் வியாபாரிகளை ஆண்டுக்கு யார் அதிகம் பிடிக்கிறாரோ, அவருக்கு அது. மூன்று ஆண்டுகளாக எதிர் மேசைக்காரர் அதில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார். இந்த ஆண்டு அவரும் ஏழு பேரைப் பிடித்திருந்தார், நானும் ஏழு பேரை. பெரிய வியாபாரியைத் தொட்டால் வக்கீல் வருவார். அதனால் சிறியவர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் தானாகவே என் மேசைக்கு வந்தார். ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை. படுக்கையில் கிடக்கும் கணவரின் பழைய கேமராக்களை ஏலத் தளத்தில் விற்கப் போகிறாராம், வரி உண்டா என்று கேட்டார். கூப்பிடாமல் எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரே மனிதப் பிறவி அவர்தான்.

"வீட்டுச் சாமான்தானே தம்பி, இதுக்குமா வரி?"

"வருஷத்துக்குப் பன்னிரண்டு வரைக்கும் விக்கலாம்மா. பதிமூணாவது வித்தா நீங்க வியாபாரி. அப்புறம் முதல்ல வித்ததுலேர்ந்து எல்லாத்துக்கும் வரி, அபராதம்."

"சரியா பன்னிரண்டு கேமராதான் இருக்கு." அவர் முகம் மலர்ந்தது. "அவருக்கு மூச்சு மெஷின் வாடகைக்கு ஓடுது. மாசம் பொறந்தா பேங்க்லேர்ந்து எடுத்துக்கறாங்க. நீங்க சொன்னது வயித்துல பால வார்த்த மாதிரி இருக்கு தம்பி."

சட்டத்தை இவ்வளவு தெளிவாக யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதை உங்கள் விசாரணை நோட்டில் நீங்கள் குறித்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை.

முதல் கேமராவை யாரும் சீண்டவில்லை. இப்படியே போனால் ஆண்டு முடிவதற்குள் இரண்டு விற்றாலே அதிகம். எனவே நான் வாங்கினேன். 'ரசிகன்' என்ற பெயரில் ஐந்து, 'பழைய கண்ணாடி' என்ற பெயரில் நான்கு, 'மாமா' என்ற பெயரில் மூன்று. என் விலைக்கு மேல் யாராவது கேட்டால் ஏற்றிக் கேட்டேன். அம்மாளுக்கு நல்ல விலை கிடைத்தது. பன்னிரண்டும் விற்க நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் மூச்சு மெஷின் யார் புண்ணியத்தில் ஓடியது என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் பெட்டிகள் சேர்ந்தன. "எதுக்குங்க இத்தனை கேமரா?" என்றாள் மனைவி. "படம் புடிக்க மொதல்ல சிரிக்கிற மூஞ்சி ஒண்ணு வேணுமே." அவளுக்கு என் வேலையின் நுணுக்கம் புரியாது.

பன்னிரண்டோடு அம்மாள் நிறுத்திக்கொண்டார். சொன்ன சொல் தவறாதவர். பன்னிரண்டாவது கேமராவை 'மாமா' திருப்பி அனுப்பினார், லென்ஸில் பூஞ்சை என்று சொல்லி. பூஞ்சை இல்லை. அம்மாள் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தார். திரும்பி வந்ததால் கணக்கில் பதினொன்று என்று நினைத்து, துடைத்து மறுபடி ஏலத்தில் வைத்தார். 'ரசிகன்' வாங்கினார்.

திரும்பி வந்த விற்பனையும் விற்பனைதான். ரத்து செய்ய வேண்டுமானால் பத்து நாளுக்குள் தனிப் படிவம் கொடுக்க வேண்டும். இது அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், நான் பொய் சொல்கிறவன் இல்லை.

நோட்டீஸ் போனதும் அவர் 'ரசிகனு'க்கு எழுதினார்: "ஐயா, உங்களிடம் வரி வசூலிக்காமல் விட்டது என் தவறாம். அந்த வரியை மட்டும் தர முடியுமா?" ஏலம் முடிந்த பிறகு விலை கூட்டுவது முறையல்ல அம்மா என்று மரியாதையாகவே பதில் போட்டேன்.

அதன்பின் அவருடைய வங்கிக் கணக்கை முடக்கினேன். வைத்தியச் செலவுக்கு மட்டும் விடுவிக்கும்படி அவர் மனு கொடுத்தார். அதற்கு விதியில் இடம் உண்டு. மனுவை வரிசையில் வைத்தேன். அவருக்கு முன்னால் ஆறு பேர் இருந்தார்கள். தெரிந்தவர் என்பதற்காக ஒருவரை முன்னால் தள்ளினால் ஊர் என்ன பேசும்?

மெஷின் கம்பெனிக்குப் போன் செய்தது நான்தானா என்று கேட்டீர்கள். ஆம். இந்த மாதம் வாடகை வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அது ஏமாற்று வேலை. அவர்கள் மறுநாளே வந்து எடுத்துப் போனார்கள். அம்மாள் என் மேசைக்கு ஓடி வந்தார்.

"தம்பி, அவருக்கு மூச்சு இழுக்குது. கையெழுத்து ஒண்ணுதானே?"

"ஆறாவது மனுவ பார்த்துட்டிருக்கேம்மா. அடுத்தது உங்களதுதான்."

எதிர் மேசைக்காரர் தலையைத் தூக்கவில்லை. சாயங்காலம் நான் கையெழுத்துப் போட்டபோது வாங்கிக்கொள்ள அம்மாள் அங்கே இல்லை. கணவர் மூன்றரை மணிக்கே போய்விட்டாராம்.

மெஷினை எடுத்தால் அவர் பிழைக்க மாட்டார் என்று தெரியுமா? தெரியும். நோட்டீஸை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முப்பது நாள்தான் அவகாசம். அது நடந்திருந்தால் 'மாமா'வையும் 'ரசிகனை'யும் விசாரணைக்குக் கூப்பிட்டிருப்பார்கள். துக்க வீட்டில் மேல்முறையீட்டை யார் நினைப்பார்கள்? அவரும் நினைக்கவில்லை. அதற்காகத்தான் போன் செய்தேன். இப்போது சொல்லிவிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நாற்காலி எனக்கு வந்தது. முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது.

கேமராக்கள் எங்கே என்று கேட்டீர்கள். அதே தளத்தில் விற்றுவிட்டேன், பன்னிரண்டும். வாங்கிய ஒருவர் போன வாரம் எழுதினார், லென்ஸில் பூஞ்சை இருக்கிறது, திருப்பி அனுப்பட்டுமா என்று. முடியாது என்று சொல்லிவிட்டேன். சட்டத்தை மதிக்கிறவன் இந்த மாதிரி விஷயங்களில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.