எட்டுச் சோடிக் கால்கள்

புழுவின் கால்களை எண்ணப் பொறுமை வேண்டும், ஐயா. அது எனக்கு உண்டு. விவசாயப் போதனாசிரியர் நடத்திய வகுப்புக்கு எங்கள் குடியேற்றத்திலிருந்து நான் ஒருவன்தான் போனேன். அதன்பிறகு யாருடைய தோட்டத்தில் பூச்சி விழுந்தாலும் நெருப்புப்பெட்டிக்குள் போட்டு என்னிடம் கொண்டுவருவார்கள்.

தில்லைநாதனும் அப்படித்தான் வந்தார். அவருக்கும் எனக்கும் ஒரே பங்குக் கிணறு. ஒருநாள் தண்ணீர் அவருக்கு, மறுநாள் எனக்கு. இந்த மாசியில் அது ஒரு தோட்டத்துக்கே காணாது. என் மிளகாய் பூக்கிற நேரம். அது கருகினால் காணியை விட்டுப் போகவேண்டும். மூன்று தரம் இடம்பெயர்ந்த என் மனைவி நாகேஸ்வரிக்கு இன்னொரு தரம் நடக்கத் தெம்பில்லை. நான் விசர் பிடித்தவன்போலத் திரிந்தேன்.

“அண்ணை, முள்ளங்கி இலையெல்லாம் அரிச்சுப்போட்டுது. இது என்ன புழு?”

பெட்டிக்குள் கறுத்த புழு. வண்ணத்துப்பூச்சிப் புழுவுக்கு வயிற்றில் ஐந்து சோடிக் கால்களுக்கு மேல் இராது. இதற்கு எட்டு. இது வாள் ஈயின் புழு. வளர்ந்தபின் வண்ணத்துப்பூச்சி தேசிக்காய் மரத்தைச் சுற்றிக் கறுப்பும் மஞ்சளுமாய்ப் பறக்கும், பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள். வாள் ஈ வாள்போன்ற உறுப்பால் இலையைக் கீறி முட்டையிடும், அதை ஒருவரும் திரும்பியும் பாரார். புழுவாக இருக்கையில் இரண்டும் கூடப்பிறந்தவை மாதிரி. ஆனால் வண்ணத்துப்பூச்சிப் புழுவைக் கொல்லும் பக்டீரியா மருந்து வாள் ஈப் புழுவை ஒன்றும் செய்யாது.

“வண்ணத்துப்பூச்சிப் புழு. பக்டீரியா மருந்து அடியுங்கோ,” என்றேன்.

ஒரு கிழமையில் திரும்பி வந்தார். “இன்னும் சாகேல்லை அண்ணை.”

“அது ஆறுதலாத்தான் வேலை செய்யும். இன்னொருக்கா அடியுங்கோ.”

நம்பினார். நல்ல மனிசன், பாவம். மூன்றாம் கிழமை அவர் தோட்டத்தில் இலை நரம்பு மட்டும் நின்றது. அவர் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்; யாழ்ப்பாணத்தில் தமையன் இருக்கிறார்.

வெள்ளிக்கிழமை விடிய நான் கிணற்றடிக்குப் போனபோது அவர் வரம்பில் கிடந்தார். பக்கத்தில் நஞ்சுப் போத்தல். மூச்சு இருந்தது.

“அண்ணை, ஏலாமக் கிடக்கு. ஆரையும் கூப்பிடுங்கோ.”

அவர் வீடு கூப்பிடு தூரம்தான். அன்று தண்ணீர் முறை அவருடையது. நான் மோட்டரைப் போட்டு, வாய்க்காலை என் பக்கம் வெட்டிவிட்டேன். மிளகாய் முழுவதும் பாய்ந்து முடிய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. பிறகுதான் போய் அவர் மனைவி அருந்ததியைக் கூப்பிட்டேன். அவ வந்தபோது மூச்சு நின்றிருந்தது.

இதை வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. புழுவைப் பற்றிப் பொய் சொன்னது என் பிழை. மற்றது பிழையில்லை. முறைக்காரன் எழும்பாவிட்டால் தண்ணீர் அடுத்த பங்காளனுக்கு. எங்கள் கிணற்று வழக்கம் அதுதான்.