இடது பூஸ்டரில் ஒரு ரிவெட்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் சாப்பிட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. அதன் மேல் எப்போதும் ஏதாவது ஒரு ராக்கெட் காய்ந்துகொண்டிருக்கும். என் மனைவி மனோரமா தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் சாப்பிடப் பழகிவிட்டாள். விருந்தாளி யாராவது வந்தால், "உக்காருங்க, அது காஞ்சதும் சாப்பிடலாம்" என்பாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ரோஜா, நடந்ததையெல்லாம் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாய். எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த விஷயங்களும் இதில் வரும். நாளைக்கு இதை ஒரு வக்கீல் படிக்க நேர்ந்தால் அவருக்கும் புரிய வேண்டுமல்லவா.

என் பெயர் அண்ணாதுரை. சொந்த ஊர் நகரி. திருப்பதியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் டிராயிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ராக்கெட் மாடல் செய்வது என் பொழுதுபோக்கு. பறக்காது, நிற்கும். ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்புகிற நாற்பத்து நாலு மீட்டர் ராக்கெட் என் மேசையில் தொண்ணூற்று இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். எல்லாமே நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. தகடுகளை இணைக்கிற ரிவெட் ஆணிகளின் தலையைக்கூட விடமாட்டோம். அலுமினியத் தாளின் பின்பக்கமிருந்து ஊசி முனையால் ஒவ்வொன்றாக அழுத்தி எடுக்க வேண்டும். ஒரு ராக்கெட்டுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் வரும். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் யாருக்கும் கெடுதல் இல்லாத பைத்தியம் என்று என் மனைவியே சொல்வாள்.

உன் அப்பா கன்னையாவை நான் முதலில் பார்த்தது நகரியில், ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சியில். அவன் பவர்லூம் மெக்கானிக். கையில் கிரீஸ் கறையோடு வந்து என் ராக்கெட்டுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றான். ஆசையாகப் பார்க்கிறான், பாவம் என்று நினைத்து, "என்னப்பா, பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"நல்லா கீது சார். ஆனா நாலாவது அடுக்குல இந்தப் பைப்பு அந்தாண்ட பக்கம் வரணும். டிவில காட்டச்சொல்ல பாத்தேன்."

சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்து போட்டோக்களை எடுத்துப் பார்த்தேன். பைப் அந்தாண்ட பக்கம்தான் இருந்தது.

அதே வருஷம் அவனும் ஒரு ராக்கெட் செய்தான். நூல் சுற்றிவரும் காகிதக் கூம்புதான் அதற்கு மூக்கு. தீர்ந்துபோன பேனாக்களின் முனைதான் அதற்குச் சின்ன எஞ்சின்கள். பஸ்ஸில் கூட்டத்தில் யாரும் இடிக்காமல், குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி மார்பில் அணைத்துக்கொண்டு திருப்பதிக்கு எடுத்து வந்தான். என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தோம். என்னுடையது பிறந்தநாள் கேக்கில் குத்துகிற சாமான் மாதிரி தெரிந்தது. மனோரமா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஐயையோ" என்றாள். எதைப் பார்த்து என்று நான் கேட்கவில்லை.

அதிலிருந்து நாங்கள் நண்பர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். வேர்க்கடலை கொண்டு வருவான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு என் வேலையைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பான். "நல்லா கீது சார்" என்பான். பிறகு ஒரு "ஆனா" வரும். அந்த ஆனாவில் எப்போதும் அவன் சொல்வதுதான் சரியாக இருக்கும். கர்வம் துளியும் இல்லாமல் சொல்வான். கொஞ்சம் கர்வம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

2019இல் திருப்பதியில் ஓர் இன்ஜினீயரிங் காலேஜ், புதிய கட்டடத்தின் வாசல் கூடத்தில் ஏழடி ராக்கெட் மாடல் ஒன்று வைக்க முடிவு செய்தது. சந்திரயானை ஏற்றிப் போன, இரண்டு பக்கமும் பூஸ்டர் ஒட்டியிருக்கிற அதே ராக்கெட். எங்கள் இருவரிடமும் செய்ததில் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார்கள். தேர்ந்தெடுக்க ராக்கெட் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்திருந்தார். பூதக்கண்ணாடியை எடுத்துக் கன்னையாவின் ராக்கெட்டை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "மீ பெயின்ட் சால பாகுந்தி சார்" என்றார். உங்கள் பெயின்ட் மிக நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பெயின்ட் கடையில் வாங்கியது.

கன்னையாவுக்கு முதலில் கை கொடுத்தவன் நான்தான். வரைபடம் எல்லாம் நானே போட்டுக் கொடுத்தேன். பித்தளைத் தகட்டில் அவன் பெயரைப் பொறிக்கப்போகிறார்கள் என்று காலேஜிலிருந்து போன் வந்தபோது, எழுத்துப்பிழை வராமல் இருக்க நானே எழுதி அனுப்பினேன்.

வேலை தொடங்குமுன் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றான். திருப்பதியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சீட்டில் போன் நம்பர் கேட்டார்கள். அவன் தறிச் சத்தத்தில் போனை எடுக்கமாட்டான், அதனால் என் நம்பரைக் கொடுத்தேன். அப்போது எனக்கு எந்த எண்ணமும் இல்லை. இதை நீ நம்ப வேண்டும்.

கண்ணில் மருந்து விட்டு, மூடிக்கொண்டு வெளியே உட்காரும்படி அவனிடம் சொல்லியிருந்தார்கள். ரிப்போர்ட் வந்ததும், அவனோடு வந்தவரை டாக்டரம்மா கூப்பிட்டார். நான் போனேன். கண்ணில் அழுத்தம் ரொம்ப அதிகம் என்றார். தினமும் சொட்டு மருந்து விட வேண்டும், ஒருநாள்கூடத் தவறக்கூடாது, ஒரு மாதத்தில் திரும்ப வர வேண்டும். "மருந்து விட்டுக்கொண்டே இருந்தால் பயமில்லை. நிறுத்திவிட்டால் பார்வை ஓரத்திலிருந்து போகும். போனது திரும்பாது." தெலுங்கில் நிதானமாக, இரண்டு தடவை சொன்னார். நல்ல டாக்டர்.

வெளியே வந்தேன். கன்னையா கண்ணை மூடியபடியே, காலடிச் சத்தத்தில் என்னைத் தெரிந்துகொண்டான்.

"இன்னா சார் சொன்னாங்க?"

"பயமில்லைன்னு சொன்னாங்க" என்றேன்.

டாக்டரம்மா அந்த வார்த்தையைச் சொன்னார் என்பது உண்மை. நான் சொன்னது அவர் சொன்னதில் ஒரு பகுதி. எங்கள் தொழிலே எதையும் சுருக்கிச் சொல்வதுதானே.

மருந்துச் சீட்டை என் சட்டைப்பையில் வைத்தேன். வீட்டில் டிராயிங் அலமாரியின் மூன்றாவது இழுப்பறையில் இருந்தது. போன வாரம் உன்னிடம் கொடுத்தேனே, அதுதான். கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. இதையும் கணக்கில் எடுத்துக்கொள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நாலு தடவை போன் வந்தது. ஒரு தடவைகூட நான் கட் பண்ணவில்லை. மரியாதையாகப் பேசி, "சொல்லிவிடுகிறேன் அம்மா" என்றேன். பிறகு கொரோனா வந்தது, எல்லா ஆஸ்பத்திரியும் வேறு கவலைக்குப் போய்விட்டது.

நான் எதிர்பார்த்தது என்ன என்று கேட்டாய். சின்ன விஷயம்தான். அவன் கண் கொஞ்சம் மங்கும், ரிவெட் வரிசை கொஞ்சம் கோணும், ஏழடி ராக்கெட்டை முடிக்க என்னைக் கூப்பிடுவான். தகட்டில் இரண்டு பெயர் வரும். அவ்வளவுதான். குருடாக வேண்டும் என்று ஒருபோதும் நினைக்கவில்லை. ஆனால் அந்த வியாதி டாக்டரம்மா சொன்னபடியே ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வந்தது. நடுவை விட்டுவைத்தது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வான். பக்கத்தில் வைத்த டீ கிளாஸைத் தட்டிவிடுவான். மனோரமா, "உங்க ஃபிரெண்டுக்கு வர வர ரொம்ப அவசரம்" என்று கேலி செய்வாள், அவனும் சிரிப்பான். பிறகு உட்கார்ந்து ஊசியைக் கையில் எடுத்தால் ஒரு ரிவெட் பிசகாது. உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

ராக்கெட்டை 2021இல் வைத்தார்கள். தகட்டில் ஒரு பெயர்தான்.

அதன் பிறகு நான் சொல்லியிருக்கலாம் என்றாய். நியாயம். ஆனால் போனது திரும்பாது என்று டாக்டரே சொன்ன பிறகு, சொல்லி ஒரு மனிதனை எதற்காக வருத்த வேண்டும்? மிச்சமிருந்ததைக் காப்பாற்றியிருக்கலாமே என்று நீ கேட்டாய். அதுவும் நியாயம்.

அடுத்த வருஷம் அவனே ஒருநாள் கேட்டான். "சார், ஓரமா இருட்டிக்கினு வருது. புகை மாதிரி. இன்னொரு தபா டாக்டராண்ட காட்லாமா?" நீ அப்போது சென்னைக்குக் கூட்டிப் போகிறேன் என்றாய், நினைவிருக்கிறதா? ஸ்ரீசிட்டியில் உனக்குப் புது வேலை, லீவு கிடைக்காது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "பெரியப்பா, நீங்க இருக்கறதால தான் எனக்கு நிம்மதி" என்றாய். மறுநாளே கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரிக்கு இல்லை, கண்ணாடிக் கடைக்கு. நல்ல பிரேமாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது இடது கண்ணில் ஒன்றுமில்லை. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. நீ சென்னைக்குக் கூட்டிப் போனாய், அங்கே பழைய ரிப்போர்ட் கேட்டார்கள், நீ திருப்பதி ஆஸ்பத்திரியில் போய்த் தேடினாய். நோட்டில் என் போன் நம்பரும், அதற்குப் பக்கத்தில் நாலு தேதிகளும் இருந்தன. அந்தக் காகிதத்தோடு என் வீட்டு வாசலில் நின்று, "இன்னா சார் இது?" என்று கேட்டாய். சார் என்றாய். பதிமூன்று வருஷத்தில் முதல் தடவை.

ஆகவே இதுதான் என் வாக்குமூலம். எனக்குத் தெரிந்திருந்தது. மருந்து என்ன, விடாவிட்டால் என்ன ஆகும், எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தே மறைத்தேன். மனோரமாவுக்கு எதுவும் தெரியாது. கேட்ட நாளிலிருந்து அவள் சாப்பாட்டு மேசையைக் காலி செய்து துடைத்து வைத்திருக்கிறாள். சாப்பிடத்தான் இன்னும் உட்காரவில்லை.

உனக்குத் தெரியாத ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. நீ அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்ன மறுநாள் அவன் எனக்குப் போன் செய்தான். திட்டுவான் என்று நினைத்தேன். அவன் வீட்டுத் தெருவில் தறி ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் கேட்டான்.

"சார், ரோஜா சொல்றது நிஜமா?"

"நிஜம்தான் கன்னையா."

பிறகு கேட்டான்:

"அப்போ அந்தக் காலேஜ் ராக்கெட்டு பண்ணச்சொல்லவே எனுக்குக் கண்ணு போய்க்கினு இருந்திருக்குது. அதுல எங்கனா தப்பு வுட்டுட்டனா சார்? நீங்க பாத்துருப்பீங்களே. சொல்லுங்க."

பார்த்திருக்கிறேன். அதைத் திறந்து வைத்த வாரம் மூன்று நாள் தொடர்ந்து காலேஜுக்குப் போய்ப் பூதக்கண்ணாடியோடு பார்த்தேன். வாட்ச்மேன் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். அதில் ஒரு தப்பும் இல்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை.

"இடது பூஸ்டர்ல, மேல இருந்து மூணாவது வரிசையில ஒரு ரிவெட் விட்டுப்போச்சு கன்னையா" என்றேன்.

"அப்படியா சார்" என்றான். ரொம்ப மெதுவாக. போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் யாரோடும் பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை என்று நீ மெசேஜ் அனுப்பியிருந்தாய். கண் போன விஷயம் தெரிந்ததால் என்று நினைத்துக்கொண்டிருப்பாய்.

மற்றதெல்லாம் பொறாமையில் செய்தது என்று நீ எழுதிக்கொள். கையெழுத்துப் போடுகிறேன். இதை மட்டும் அப்படி எழுதாதே. எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தான் என்று தெரிந்தால், இழந்தது பெரிதாகத் தெரிந்து மனம் உடைந்துவிடுவான். அந்த வருத்தம் அவனுக்கு வரக்கூடாது என்றுதான் சொன்னேன். வேறு எந்தக் காரணமும் இல்லை.